அறுபத்து மூன்றாம் கம்பத்து மயில் காளான்

நவம்பர் 14, வியாழன்

இந்த டைரி ஜனவரியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. எழுத ஒன்றும் இல்லாததால் பத்து மாதமாக பீரோவில் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் கோபம். அம்மாவிடம் கோபப்பட்டால் அழுவாள், போர்மேனிடம் கோபப்பட்டால் தலையைக் குனிந்துகொள்வார். டைரி இரண்டும் செய்யாது.

காலையிலிருந்து பதினேழு போன். "மேடம், 22-ஆம் கம்பத்துக்கிட்ட ஒரு கிளை தொங்குது, வெட்டலாமா?" "மேடம், 30-ல ஒரு மரம் சாஞ்சாப்புல நிக்கிது, வெட்டவா?" மழைக்காலத்தில் ஒரு கிளை 11 கேவி லைன் மேல் விழுந்தால் மேல்மலை முழுவதும் இருட்டு. அதனால் லைன் போகும் பாதையில் இடைஞ்சலானதை எல்லாம் முன்கூட்டியே வெட்ட வேண்டும். அதற்குத்தான் ஆட்கள். அந்த ஆட்கள் வெட்டாமல் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் நான் எதற்கு, அரிவாள் எதற்கு?

வெட்ட வேண்டியவற்றில் நானே துணி கட்டி அடையாளம் வைப்பது என்று முடிவு செய்து, மதியம் அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். "மரத்திலோ கட்டையிலோ சிவப்புத் துணி கட்டியிருந்தால் அதை வெட்டி அப்புறப்படுத்தவும். யாரையும் கேட்க வேண்டாம். ஒப்பம், ஆர். மணிமொழி, உதவிப் பொறியாளர், மின்வாரியம், வெள்ளரைக்காடு பிரிவு."

போர்மேன் குழந்தைவேல் அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "தெளிவா இருக்கு மேடம்" என்றார். முப்பது வருடமாக இந்தக் காட்டில் கம்பம் ஏறியவர். தங்கமான மனிதர், ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வார், ஓர் எழுத்து மாறாது.

நான் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இருக்கும் மன்னார்குடிக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதி மூன்றும் திரும்பி வந்துவிட்டன. நான்காவது போயிருக்கிறது. இந்த ஊரில் குளிர் உண்டு, மூடுபனி உண்டு, அட்டை உண்டு. பார்க்கத்தான் ஒன்றும் கிடையாது.

நவம்பர் 18, திங்கள்

பீடர் லைன் மூன்று முறை ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றது. எங்கே பழுது என்று தெரியாததால் நானும் குழந்தைவேல் அண்ணனும் கம்பம் கம்பமாக நடந்தோம். மேலே இன்சுலேட்டரைப் பார்த்தபடி நடந்தவள் 41-ஆம் கம்பத்தடியில் குச்சி தடுக்கிக் கீழே விழுந்தேன். விழுந்த இடத்தில் என் மூக்குக்கு நேரே ஒரு காய்ந்த சுள்ளி. அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் நாலைந்து முட்டை! ஒவ்வொன்றும் கொள்ளு அளவுதான் இருக்கும்.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணன் அட்டை கடித்துவிட்டது என்று உப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தார்.

படம் எடுத்து நிலோபருக்கு அனுப்பினேன். திருச்சியில் பெண்கள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறாள், காளான்தான் அவள் ஆராய்ச்சி. அந்தக் காலத்தில் அவள் காளான் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் தூங்கிவிடுவேன். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது, காதே கிழிந்தது.

"ஏய் மணி! அது பறவைக்கூட்டுக் காளான்டி! முட்டை மாதிரி இருக்குல்ல, அதுக்குள்ளதான் வித்து. மழைத்துளி கிண்ணத்துக்குள்ள நேரா விழுந்தா முட்டை தெறிச்சுப் பறக்கும். உக்காந்து பாரு!"

பழுது 44-ஆம் கம்பத்தில் இருந்தது. சரிசெய்தோம். திரும்பும்போது தூறல். 41-இல் மறுபடி குந்தினேன். இலையிலிருந்து ஒரு பெரிய சொட்டு விழுந்து, ஒரு முட்டை பறந்து போய்க் குழந்தைவேல் அண்ணனின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் துடைக்கவில்லை. கழற்றி, கையில் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"முப்பது வருசமா மேலயே பாத்துட்டேன் மேடம்" என்றார்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் பனி. மாலையில் மழை. மூன்று முட்டை பறந்தன.

நவம்பர் 24, ஞாயிறு

விடுமுறை. வழக்கமாகத் துணி துவைத்துவிட்டுத் தூங்குவேன். இன்று துவைக்கவில்லை. 52-ஆம் கம்பத்துக்குப் பக்கத்துப் பைன் தோப்பில் என்னவோ சிவப்பாக இருக்கிறது என்று வயர்மேன் ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் விஷயம் பரவிவிட்டது போலிருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

நல்ல குங்குமச் சிவப்புக் குடை, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக ரவையைத் தூவியது போல. ஒன்றல்ல, பதினாறு! சின்ன வயதில் காளான் படம் வரையச் சொன்னால் இதைத்தான் வரைவோம், நிஜத்தில் இருக்கும் என்று நான் நம்பியதே இல்லை. எதிரே போய் உட்கார்ந்து "நீங்கள் எல்லாம் நிஜமா?" என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். எனக்கு வயது முப்பத்திரண்டு, அரசாங்க உத்தியோகம்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ராக்கம்மாக்காவிடம் படத்தைக் காட்டினேன். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதத் தொட்டீகளா? போங்க, மொதல்ல கையக் கழுவுங்க. அது வெசம். வாயில வச்சா ஆளு எந்திரிக்காது."

"நான் சாப்பிடவா போனேன் அக்கா, சும்மா பார்த்தேன்."

"சும்மா பாக்கவா அம்புட்டுத் தூரம் போனீக?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். டீ மட்டும் வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. இரண்டு வருடமாக இதே கடையில்தான் குடிக்கிறேன்.

இரவு அம்மா போனில், "என்னடி, குரல்ல ஏதோ வித்தியாசமா இருக்கு, சளி பிடிச்சுருக்கா?" என்றாள். இல்லை என்றேன். சளி இல்லைதான்.

நவம்பர் 27, புதன்

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

58-ஆம் கம்பத்து மூங்கில் புதரில் ஒரு காளான் வலைப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. மிகையாகச் சொல்லவில்லை. உச்சியில் பழுப்பாக ஒரு தொப்பி, அதன் கீழிருந்து தரை வரைக்கும் வெள்ளை லேஸ் பின்னல். சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்று நிலோபர் சொன்னதால், அளந்து பார்க்கலாம் என்று டிபன் பாக்ஸில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன்.

நாற்றத்தைப் பற்றி அவள் சொல்ல மறந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஒரு வயர்மேன் மூக்கைப் பிடித்தார். பன்னிரண்டுக்கு எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவானது. பீரோவை நகர்த்தினார்கள், மீட்டர் பெட்டிகளை இறக்கினார்கள், ஒருவர் கூரைக்குள் டார்ச் அடித்தார். நானும் சேர்ந்து தேடினேன். ஆமாம், தேடினேன். கூடவே "சுத்தம் என்பதே கிடையாது இந்த அலுவலகத்தில்" என்று சத்தமும் போட்டேன்.

குழந்தைவேல் அண்ணன் மட்டும் தேடவில்லை. மெல்ல என் மேஜைக்கு வந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். எல்லோருக்கும் கேட்கும்படி, "மேடம், எலி உங்க டிபன் பாக்ஸ்லதான் செத்துக் கெடக்கு" என்றார்.

அப்புறம் முதலில் சிரித்தது நான்தான். இந்த அலுவலகத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கூரைக்குள் இருந்தவர் இறங்க முடியாமல் ஏணியைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

டிபன் பாக்ஸை நான்கு முறை கழுவினேன். தூக்கிப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

63-ஆம் கம்பம். அங்கே சோலைக்காட்டு ஓரத்தில் எப்போதோ விழுந்த மரம் ஒன்று கிடக்கிறது. பட்டை உரிந்து, பாதி மக்கி, மழைத் தண்ணீரில் ஊறிப்போன கட்டை. அதன் கீழ்ப்பக்கம் முழுக்க நீலம். நீலமா, பச்சையா? இரண்டும்தான். அம்மாவின் கல்யாணப் பட்டில் ஒரு மயில்கழுத்து நிறம் இருக்குமே, அது. அந்த நிறத்தில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, நூற்றுக்கணக்கில்.

செடியில் இந்த நிறம் உண்டா? மண்ணில் உண்டா? சாயம் சிந்தியிருக்குமோ என்று நகத்தால் பக்கத்தில் சுரண்டிப் பார்த்தேன். சாயம் இல்லை. உயிரோடு இருக்கிறது. மழைக்கோட்டோடு ஈரத்தில் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் அதையே பார்த்தேன். அப்புறம் எழுந்து 63-ஆம் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். அதில் பதினோராயிரம் வோல்ட் போகிறது, கம்பத்தைத் தேவையில்லாமல் தொடாதே என்று பயிற்சி வகுப்பு எடுப்பவளே நான்தான்.

நிலோபர் இந்த முறை நேராகவே கூப்பிட்டாள்.

"தொடாத! ஒரு துண்டு கூட ஒடைக்காத! அந்த மலையில இத யாரும் பாத்து எழுதினதா எனக்குத் தெரியலடி. ரெண்டு வாரம் பரீட்சை வேல இருக்கு. பதினாலாம் தேதி சனிக்கிழமை வரேன். உள்ள மரம் எப்படி இருக்குன்னு நான் வந்துதான் பாக்கணும். அது வரைக்கும் அந்தக் கட்டைய உன் புள்ள மாதிரி பாத்துக்க."

"என்ன பேர் அதுக்கு?"

"வந்து சொல்றேன். இப்ப சொன்னா உனக்குத் தூக்கம் வராது."

பெயர் தெரியாமலேயே தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆபத்து. கேரட் மூட்டை சுமக்கிற பெண்கள் இளைப்பாறுவது அந்தக் கட்டையில்தானாம். நான் போனபோது ஒருத்தி அதன் மேல் காலை ஆட்டியபடி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்ப்பக்கம்தான் காளான் என்பதால் தப்பித்தது.

பழைய துப்பட்டா ஒன்றைக் கிழித்துக் கட்டையின் இரண்டு முனையிலும் கட்டிவிட்டேன். தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்று நல்ல ரத்தச் சிவப்பாகப் பார்த்து எடுத்தேன். இரட்டை முடிச்சு. இனி ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்கள். நிம்மதி.

டிசம்பர் 5, வியாழன்

மாற்றல் ஆணை வந்துவிட்டது. மன்னார்குடி. 16-ஆம் தேதி திங்கட்கிழமை இங்கே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

மகிழ்ச்சி. மிகவும் மகிழ்ச்சி.

அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். குழந்தைவேல் அண்ணன் ஆணையை வாங்கிப் படித்தார், இதையும் இரண்டு முறை. "நல்லது மேடம். கேட்டு வாங்குனது கெடச்சிருச்சு" என்றார். அதற்குப் பிறகு ஏனோ ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் மாலையில்தான் திரும்பினார்.

கட்ட வேண்டியவை: பாத்திரம், கம்பளி, பீரோ (விற்றுவிடலாமா?).

63-இல் கிண்ணங்கள் போன ஞாயிறு இரண்டு மில்லிமீட்டர் இருந்தன, இன்று மூன்று. நடுவில் குழி நன்றாக விரிந்துவிட்டது. ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கட்டையின் வடக்குப் பக்கம் புதிதாகப் புள்ளி புள்ளியாக நிறைய வருகின்றன, குண்டூசித் தலை அளவு. அவை விரிய எத்தனை நாள் ஆகும்? பத்து நாள் என்று வைத்தால் 15-ஆம் தேதி. இருபது நாள் என்றால் நான் இருக்கமாட்டேன். 67-ஆம் கம்பத்தில் மஞ்சளாக எதுவோ ஆரம்பித்திருக்கிறது, பவளம் போல் கிளை விடுகிறது. 70-க்கு மேல் காளான் தேடி நான் இன்னும் போகவேயில்லை. மொத்தம் 118 கம்பம் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பாத்திரங்களைக் கட்ட வேண்டும் என்று காலையில் ஆரம்பித்தேன். அட்டைப்பெட்டி தேவைப்பட்டது. அட்டைப்பெட்டி வாங்கக் கடைவீதிக்குப் போகும் வழியில் 63-க்குப் போனேன். (வழி எதிர்த்திசையில்தான். ஆனால் வெயில் அடித்தது.) மதியம் குடையை அங்கே விட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில் மறுபடி போனேன். குடை வீட்டில்தான் இருந்தது. சாயங்காலம் ஏன் போனேன் என்று நினைவில்லை.

ஒரு பாத்திரமும் கட்டவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

நாளையும் மறுநாளும் திண்டுக்கல்லில் வேலை, கோப்புகளை ஒப்படைக்க வேண்டும். வெள்ளி காலை பஸ் ஏறினால் மதியத்துக்கு மேல் இங்கே வந்துவிடலாம். அன்றைக்குக் கார்த்திகை தீபம். சனிக்கிழமை நிலோபர். எல்லாம் கச்சிதமாக இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

வரிசையாகச் சொல்கிறேன். இல்லையென்றால் நானே நம்பமாட்டேன்.

மலைப்பாதையில் லாரி ஒன்று பழுதாகி நின்றதால் பஸ் தாமதம். இறங்கும்போது மணி நாலரை. பையை ராக்கம்மாக்கா கடையில் வைக்கலாம் என்றால் கடை பூட்டியிருந்தது. பையோடு 63-க்கு நடந்தேன்.

கட்டை இல்லை.

கட்டை மட்டுமா, அந்த இடத்தில் ஒரு சுள்ளி கூட இல்லை. புல் செதுக்கி, குப்பை வாரி, பெருக்கிவிட்டது போல் இருந்தது. என் பிரிவில் இத்தனை சுத்தமான ஓர் இடத்தை நான் பார்த்ததே இல்லை. கம்பத்தின் ஆணியில் என் சிவப்புத் துணி இரண்டும் துவைத்து மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தன.

குழந்தைவேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச்சத்தம்.

"அண்ணே, 63-ல் இருந்த கட்டை எங்கே?"

"நேத்தே வெட்டிட்டோம் மேடம். செவப்புத் துணி கட்டியிருந்துச்சுல்ல."

நான் ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நீங்க ஊருக்குப் போகையில லைன் பாதைய சுத்தமா ஒப்படைக்கணும்னு பயக பூரா சேந்து ரெண்டு நாளு நின்னு செஞ்சோம். நல்லாருக்கா மேடம்?"

"ஏன் என்னைக் கேட்கவில்லை?" என்று கத்தினேன்.

"கேக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கீகளே."

ஒட்டியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நான் முட்டாள், முட்டாள், முட்டாள். காட்டில் நின்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"சரி, வெட்டியதை எங்கே போட்டீர்கள்?"

"முருகன் கோயில் சொக்கப்பனைக்குக் குடுத்தாச்சு மேடம், நம்ம ஆபீஸ் சார்பா. ஆறு மணிக்குக் கொளுத்துறாக, நீங்களும் வந்துருங்க."

மணி ஐந்து பத்து. கோயில் இரண்டரை கிலோமீட்டர். கார்த்திகை தீபத்தன்று கோயில் வாசலில் விறகைக் கோபுரமாக அடுக்கி எரிப்பார்களே, அதில் என் மயில்நிறக் கட்டை! பையை 63-ஆம் கம்பத்தடியில் போட்டுவிட்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் ஓடியதில்லை. முட்டளவு ரப்பர் பூட்ஸோடு, ஏற்றத்தில், சேற்றில் ஓடினேன். வழியில் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் விழுந்த இடத்தில் காளான் இருக்கிறதா என்று கண் தேடியது, அந்த வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன்.

கோயில் மைதானத்தில் ஊரே இருந்தது. நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கி, உச்சியில் காய்ந்த சோளத்தட்டை சொருகியிருந்தார்கள். பூசாரி தீப்பந்தத்தோடு மூன்றாவது சுற்றில் இருந்தார்.

"நிறுத்துங்க! லைனை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். பதற்றத்தில் வேறு வார்த்தை வரவில்லை. மேளம் நின்றுவிட்டது. எங்கோ கம்பி அறுந்து விழுந்துவிட்டது என்று நினைத்து ஊரே நாலடி பின்னால் போனது. நான் நேராகப் போய் விறகை இழுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கட்டையாக இழுத்து, திருப்பிப் பார்த்து, எறிந்துவிட்டு, அடுத்தது. என் கன்னத்தில் வழிந்தது வியர்வை மட்டுமல்ல.

ராக்கம்மாக்காதான் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மேடம்! எதத் தேடுறீக?"

"ஒரு கட்டை அக்கா. 63-ல் இருந்தது. மக்கிப்போன கட்டை. நீலமாக, பச்சையாக, சின்னதாக..." என்று தேம்பினேன்.

"மயில் கட்டையா?" என்றார் அக்கா.

நான் தேம்புவதை நிறுத்தினேன்.

"அத யாரு தாயி நெருப்புல போடுவா? ஈரக்கட்டையா இருக்கே, பொளந்து காயப் போடுவோம்னு காலையில நான்தான் கோடாலிய எறக்குனேன். பொளந்தா உள்ள பூராம் மயில் கழுத்து! கோடாலிய அப்புடியே போட்டுட்டேன். கார்த்திக அன்னிக்கி முருகன் கோயிலுக்கு வந்த வெறகுக்குள்ள மயிலு இருந்தா என்ன அர்த்தம்? பூசாரியக் கூப்புட்டுக் குடுத்துட்டேன்."

உள்ளேயும் அந்த நிறம்! நிலோபர் பார்க்க வேண்டும் என்றது இதைத்தான்.

கோயிலுக்குப் பின்னால் அபிஷேகத் தண்ணீர் குழாய் வழியே வந்து விழும் இடம். எப்போதும் ஈரம், எப்போதும் நிழல். அங்கே வாழையிலை விரித்து ஏழு துண்டாகக் கட்டையை வைத்திருந்தார்கள், பிளந்த பக்கம் மேலே தெரியும்படி. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் கதம்பம். பிளந்த மரத்தின் உள்ளே கோடு கோடாக அந்த நீலப்பச்சை ஓடியது. ஒரு துண்டைத் திருப்பினேன். கிண்ணங்கள் அப்படியே இருந்தன, சில குங்குமத்தோடு.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

நான் கலைத்த விறகை நானே அடுக்கிக் கொடுத்தேன், வயர்மேன்கள் உதவினார்கள். ஆறு இருபதுக்குச் சொக்கப்பனை எரிந்தது. மேல்மலையில் எனக்கு இது மூன்றாவது கார்த்திகை. தீபத்தை நின்று பார்த்தது இதுதான் முதல் முறை. பொரியுருண்டை நான்கு தின்றேன்.

டிசம்பர் 14, சனி

நிலோபர் பதினொரு மணிக்கு வந்தாள். அபிஷேகத் தண்ணீர் விழும் இடத்தில் முழங்காலிட்டு, கையில் லென்ஸோடு ஒரு மணி நேரம் அசையவில்லை. பூசாரி எனக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள அம்புட்டு நேரமா என்னத்தப் பாக்குது?"

நிலோபர் லென்ஸை அவரிடம் கொடுத்தாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது. "ஆத்தாடி, அம்புட்டும் குட்டிக் குட்டித் தொன்னையா இருக்கு" என்றார். அப்புறம் எங்கள் இருவரையும் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தார்.

நகக்கண் அளவு ஒரு துண்டு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பூசாரி இலை நறுக்கில் வைத்து, திருநீறோடு பிரசாதமாகவே கொடுத்தார். நிலோபர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உறையில் எழுதினாள்: "நீலப்பச்சைக் கிண்ணக் காளான். கிடைத்த இடம்: கம்பம் 63. கண்டவர்: மணிமொழி."

என் பெயரை அப்படி ஒரு காகிதத்தில் பார்த்ததும் அந்தக் கொள்ளு முட்டை போல நானே ஓரடி துள்ளினேன்.

"கட்டை இங்க இருந்தா பிழைச்சுக்கும். இந்த இடத்த விட நல்ல இடம் நானே தேடியிருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா வாரம் ஒரு தடவ யாராவது அளந்து படம் எடுத்து அனுப்பணும், பிப்ரவரி வரைக்கும். 70-க்கு மேல வேற நீ போகவேயில்லங்கற. அங்க என்னென்ன இருக்கோ. யாரு பண்ணுவா?"

"நான் திங்கட்கிழமை போகிறேனே."

"நீயாக் கேட்டுப் போறியா?"

"ஆமாம். இரண்டு வருடமாகக் கேட்டு வாங்கிய ஆணை."

"சரி" என்றாள்.

அந்த 'சரி'யை நினைத்து நினைத்துச் சாயங்காலம் முழுக்கக் கோபம். என்ன 'சரி'? என்ன அர்த்தத்தில் 'சரி'?

கோபத்தோடு அலுவலகம் போய் இன்னொரு அறிவிப்பு ஒட்டினேன். "மஞ்சள் துணி கட்டியிருந்தால் அதைத் தொடக்கூடாது, வெட்டக்கூடாது, இருக்கும் இடத்தை விட்டு நகர்த்தக்கூடாது. யாரையும் கேட்க வேண்டாம்." பழைய மஞ்சள் துப்பட்டாவைக் கிழித்து ஐந்து துண்டு குழந்தைவேல் அண்ணனிடம் கொடுத்தேன். 41, 52, 58, 67, கோயிலில் ஒன்று. நான் போன பிறகாவது இவை பத்திரமாக இருக்கட்டும். அண்ணன் அறிவிப்பை இரண்டு முறை படித்தார்.

"தெளிவா இருக்கு மேடம்."

டிசம்பர் 16, திங்கள்

பொறுப்பை ஒப்படைக்க ஒன்பது மணிக்குப் போனேன். வாசலில் எல்லோரும் நின்றார்கள். ராக்கம்மாக்காவும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். மாலை போடப் போகிறார்கள் என்று நினைத்தேன், கையில் மாலை இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். என் நாற்காலியின் கையில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு.

"அண்ணே, இது எந்தக் கம்பத்துத் துணி?"

"58 மேடம். அந்தப் பாவாடக் காளானத்தான் நீங்களே பறிச்சுட்டு வந்துட்டீகளே. துணி மிச்சம் இருந்துச்சு."

"இதை எதற்கு இங்கே..."

குழந்தைவேல் அண்ணன் சுவரைக் காட்டினார். "ரூல் நீங்க போட்டதுதான் மேடம். மஞ்சத் துணி கட்டினத அந்த எடத்த விட்டு நகத்தக் கூடாது. யாரையும் கேக்கவும் கூடாது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் கேக்கல."

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். எனக்கு இங்கிருந்து போக வேண்டாம். போக வேண்டாம், போக வேண்டாம். இரண்டு வாரமாக இந்த டைரியில் எழுதாமல் தள்ளிப்போட்ட வரி இதுதான்.

அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை.

"ரெண்டு வருஷமா நீ போன் பண்ணினா எப்ப வைப்போம்னு இருக்குற மாதிரி பேசுவே. இந்த ஒரு மாசமா சிரிச்சுக்கிட்டே வைக்கறே. எனக்குத் தெரியாதாடி? அங்கேயே இரு. நான் பொங்கலுக்கு அங்க வரேன். அந்தப் பாவாடைக் காளான மட்டும் எனக்குக் காட்ட வேணாம்."

மாற்றல் வேண்டாம் என்று பத்தரைக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசலில் கைத்தட்டல். ராக்கம்மாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப டீ போடவா?" என்றார்.

டிசம்பர் 19, வியாழன்

மாற்றல் ரத்தாகிவிட்டது. கம்பம் 74. ஆரஞ்சு நிறம், காது போல் மடங்கியிருக்கிறது, உள்ளே வெல்வெட். கம்பம் 75-க்கும் 76-க்கும் நடுவில் ஊதா! பார்த்ததும் நானும் குழந்தைவேல் அண்ணனும் ஒரே நேரத்தில் கத்தினோம். மேலே லைனைப் பார்க்க இருவருமே மறந்துவிட்டோம், திரும்பி நடந்து மறுபடி பார்த்தோம்.

மஞ்சள் துணி தீர்ந்துவிட்டது. நாற்காலித் துணியை அவிழ்க்க அண்ணன் விடமாட்டேன் என்கிறார். அம்மாவிடம் பழைய மஞ்சள் புடவை ஒன்றைப் பார்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.